வலிக்குதா என்று கேட்காதவள்

1

லாரி டிரைவர் படிக்கட்டின் வளைவில் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மேலே அவன் மனைவியின் செருப்புச் சத்தம் நின்றது. கதவைத் தட்டினாள். பழகிய கை தட்டுகிற தட்டு. உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்: "வாங்க, வாங்க. இன்னிக்கு லேட்டு."

கதவு சாத்திக்கொண்டது. டிரைவரின் விரல்கள் மெல்ல முஷ்டியாக...

நிறுத்துகிறேன். தொடர்கதை எழுதிப் பழகிய கை. முதல் பாராவிலேயே யாரையாவது கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிடும். இந்தக் கதையில் என்ன காணாமல் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் கதைகளில் வைரம் காணாமல் போகும், உயில் காணாமல் போகும், ஒருமுறை பிணமே காணாமல் போனது. இதில் காணாமல் போனது ஒரு கேள்வி.

"வலிக்குதாங்க?"

அவ்வளவுதான்.

2

டிரைவருக்கு மூன்று வருடமாக முதுகு வலி. வண்டியை விட்டாயிற்று. வாசல் கேட்டைத் தாண்டினால் இடுப்பில் கத்தி இறங்கும். எலும்பு டாக்டர் ஸ்கேனை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலும்புல ஒண்ணுமில்லை. ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்க."

"அப்ப நான் நடிக்கிறேங்கறீங்க?"

"யாருங்க அப்படிச் சொன்னா? வலி நிஜம். பூனை ஏறினாலே கத்துற கார் அலாரம் தெரியுமில்ல? திருடன் வரலை, ஆனா சத்தம் பொய்யா? உங்க நரம்பு அப்படிக் கத்துது. அதை அடக்கக் கத்துக்கலாம்."

ஆலோசகரின் விலாசம் எழுதி டாக்டர் கொடுத்த சீட்டை டிரைவர் கிழித்துக் குப்பையில் போட்டான். பைத்தியக்காரப் பட்டம் வேறு வேண்டுமா?

(தமிழில் முதுகுக்கு நல்ல பெயரே கிடையாது. துரோகி குத்துவது அங்கே. கோழை காட்டுவது அதை. காக்காய் பிடிக்கிறவன் சொறிவதும் அதையே. இப்படி ஓர் உறுப்பு வலிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?)

நம்பியவள் அவன் மனைவி ஒருத்திதான். அவன் புரண்டால் போதும், "வலிக்குதாங்க?" தைலமும் வெந்நீர்ப் பையும் பின்னாலேயே வரும்.

ஒரு நாள் அது நின்றுபோனது.

3

[டிரைவர் எனக்குச் சரியாக அமையவில்லை. லாரியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குப் பதில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு யோசிக்கிறான். இருந்தாலும் அவனை மாற்றப்போவதில்லை. காரணம் இருக்கிறது.]

அவன் முனகினால் அவள் எழுந்து போகிறாள். கேட் வரை நடந்தால் மட்டும் கூடவே வருகிறாள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள். மொட்டை மாடியில் போன். இவன் தலை தெரிந்ததும் கட்.

"யாரு போன்ல?"

"அக்காதாங்க."

கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது. அந்த அக்காவேதான். "என்ன மாப்பிள்ளை, உங்க வீட்டம்மா போனையே எடுக்க மாட்டேங்கறா? ரெண்டு நாளா அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

மறுநாள் அவள், "பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றாள். பேங்க் இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள். டிரைவர் செருப்பை மாட்டினான்.

4

என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் என் மனைவி. அவள்தான் கணினியில் அடித்துக் கொடுப்பாள். இதுவரை எழுதியதை அடித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"இவ்வளவு சந்தேகம் இருந்தா அவகிட்ட நேராக் கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா கதை முடிஞ்சுடுமே."

"பொண்டாட்டி போனாலும் பரவாயில்லை, கதை போகக்கூடாது. சரியான ஆளுதான்!"

"கதாபாத்திரத்துக்கு ஏன் இப்படிக் கோவப்படறே?"

"அவ கள்ளியா, நல்லவளா? அதை மட்டும் சொல்லுங்க."

"இன்னும் முடிவு பண்ணலை."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சீக்கிரம் பண்ணுங்க."

5

முடிவுகள் கைவசம் உண்டு.

முதலாவது: டிரைவர் கதவை உதைக்கிறான், உள்ளே ரத்த வெள்ளத்தில்... (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். "முதுகு வலியை யார் சார் படிப்பாங்க, ஒரு கொலையாவது வைங்க" என்று போனில் சொன்னவர் அவர்.)

இன்னொன்று: கதவு திறக்கிறது, எல்லாரும் உண்மையைச் சொல்லி, கண்ணீர் மல்க... வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நடந்தது வேறு. கதவில் பலகை இருந்தது: மனநல ஆலோசகர். குப்பைக்குப் போன சீட்டை வீட்டில் யாரோ பொறுக்கி, ஒட்டவைத்துப் படித்திருக்கிறார்கள். டிரைவர் காதை வைத்தான்.

"இந்த வாரம் வலிக்குதான்னு கேட்டீங்களா?"

"கேக்கலை டாக்டர். அவர் முனகறப்ப சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு நின்னேன். பாவி மாதிரி இருந்துச்சு."

"முனகலுக்கு ஓடாதீங்க, நடைக்கு ஓடுங்க. வலியைச் சுத்தியே வீடு நடக்கக் கூடாது. அவர்கிட்டயும் இதை மறைக்காம சொல்லணும்னு முதல் நாளே சொன்னேனே?"

"சொன்னா வரமாட்டார். என்னையும் விடமாட்டார்."

அப்போதுதான் டிரைவருக்கு உறைத்தது. இரண்டு தெரு, மூன்று மாடி. வழியில் எங்கேயும் வலி நினைவுக்கே வரவில்லை. பின்தொடர்கிறவனுக்குக் கண் உண்டு, காது உண்டு; முதுகு கிடையாது.

சந்தேகம் தீர்ந்தது, இறங்கலாம் என்று திரும்பினான். அப்போது அவள் குரல் இன்னும் தாழ்ந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா டாக்டர்? வலி சரியாயிட்டா அவர் பழையபடி ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு எழுத ஆரம்பிச்சுடுவார். இந்த மூணு வருஷமாத்தான் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசறார். வலி போகணும்னுதான் வர்றேன். போயிடுமோன்னும் பயமா இருக்கு."

6

லாரி டிரைவர் எதற்கு ரூமுக்குள் போய் எழுதுகிறான் என்று பிடித்துவிட்டீர்கள். லாரியே கிடையாது.

உங்களுக்கு முடிவு தரமுடியாததற்கு மன்னியுங்கள். இந்தப் பக்கம் உங்களிடம் வருமுன் அதை அடிக்கப்போகிறவள் அவள். கீழே இடம் விட்டிருக்கிறேன்; முடிவை அவளே அடித்துக்கொள்ளட்டும், அல்லது எல்லாவற்றையும் அழித்துவிடட்டும்.

அதற்கு முன் அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் வெளியே போகும் நாட்களிலெல்லாம் நான் அந்த இரண்டு தெருவையும் நடந்துவிட்டுத் திரும்புகிறேன். வலி பெரும்பாலும் போய்விட்டது.

நேற்று நான் முனகியது நடிப்பு.