அரசின் பங்கில் முளைத்த மருத்துவமனை

ரிஃப் மலையிலுள்ள தாஸ்ரூத் என்னும் ஊரின் மருத்துவமனை கட்டப்பட்டதன்று, முளைத்தது. பனி கரைந்ததும் முதலில் அதன் வாசற்கால் மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவந்தது. பிறகு ஜன்னல்கள் எழுந்தன. வாற்கோதுமை கதிர்விடுவதற்குள் சுவர்கள் முழங்கால் உயரத்தை எட்டிவிட்டன. அவ்வாண்டு மழை குறைவாதலால் வெங்காயம் சிறுத்துப்போயிற்று என்பதையும், அத்திமரங்கள் தாமதமாகத் துளிர்த்தன என்பதையும் ஊரார் இச்செய்தியோடு சேர்த்தே சொல்வர்.

கஞ்சா அம்மலையில் தலைமுறை தலைமுறையாக விளைவது. ஒளித்து விற்ற காலத்தில் ஊரார் காவலருக்கு அஞ்சினர். தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டினர். பின்னர் அரசு சட்டம் இயற்றியது. உரிமம் பெற்றவர் பயிரிடலாம். கூட்டுறவுச் சங்கம் கொள்முதல் செய்யும். சரக்கு மருந்துக்காகக் கடல்கடந்து செல்லும். விற்பனையில் பத்திலொரு பங்கு அரசுக்கு வரி. உரிமம் வழங்க வந்த அதிகாரி பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, அவ்வரியிலிருந்தே தாஸ்ரூத்துக்கு மருத்துவமனை வரும் என்று உறுதிகூறினார், புதினாத் தேநீர் அருந்தினார், புறப்பட்டுப் போனார்.

பத்திலொரு பங்கு என்றதும் ஊராருக்குத் தோன்றியது ஒன்றுதான். வாற்கோதுமையை அறுக்கும்போது வயலின் மேல்விளிம்பில் பத்திலொரு பகுதியை அறுக்காமல் விடுவது அங்கே வழக்கம். அது ஏழைகளின் பங்கு. உரியவர் வந்து தாமே அறுத்துச் செல்வர். கஞ்சாவுக்கு மட்டும் அவ்வழக்கம் இருந்ததில்லை. விலக்கப்பட்ட பயிரில் இறைவனுக்குப் பங்கு வைப்பது தகாது என்று இமாம்கள் மறுத்துவந்தனர். சட்டம் வந்தபின் இமாம் புஜெம்மா நெடுநாள் யோசித்து, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார்: “அரசாங்கம் கேக்குறதும் பத்துல ஒண்ணுதானே? மேல்வரப்பு ஓரமா விட்டுடுங்க. யாருக்குச் சேரணுமோ அவங்க வந்து அறுத்துக்கட்டும்.”

வயல்கள் யாவும் மலைமுகட்டிலிருந்து கீழிறங்குவன. ஆகவே ஒவ்வொருவரும் விட்டுவைத்த துண்டு அடுத்தவர் துண்டோடு இணைந்து, முகட்டின் கீழ் ஒரே நிலமாயிற்று. அரசு தனக்குரிய வரியைத் துறைமுகத்திலேயே விற்பனைப் பணத்தில் கழித்துக்கொண்டுவிட்டது என்பதை எவரும் அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டிய கடமையுடையோர் இருந்தனர். மாதந்தவறாது ஊதியமும் பெற்றனர். இவ்வாறு தாஸ்ரூத் மக்கள் ஒரே வரியை இருமுறை செலுத்திவிட்டு மருத்துவமனைக்காகக் காத்திருந்தனர். அரசின் பங்கை அறுக்க எவரும் வரவில்லை. பயிர் பனியில் நின்றது, பனியிலேயே சாய்ந்தது. வாசற்கால் முளைத்தது அந்நிலத்தில்தான்.

ஹம்மாதி என்னும் உழவரின் மனைவி ரஹ்மா அப்போது கருவுற்றிருந்தாள். முன்பு இரண்டு முறை நகரத்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் குழந்தையை இழந்தவள் அவள். முதற்குழந்தையைக் கோவேறு கழுதையின் முதுகில், அடுத்ததை மரம் ஏற்றிய லாரியில். மூன்றாவது, ஒலிவக்காய் பறிக்கும் பருவத்தில் பிறக்கவிருந்தது. மீண்டும் அவ்வழியே போவதில்லை என்று முடிவுசெய்திருந்த அவள், காலைதோறும் ஊற்றிலிருந்து நீர் சுமந்துவந்து வாசற்காலின் அடியில் ஊற்றினாள். ஊற்றடியில் பெண்கள் அவள் கணவரைக் கிண்டல் செய்தனர்.

“என்ன ஹம்மாதி அண்ணே, ஒங்க ஆஸ்பத்திரிக்கு எரு போட்டாச்சா?”

“போட்டாச்சு தாயி. ஒன் வாய்க்கு ஒரு வைத்தியர் முளைச்சா மொதல்ல ஒன்னத்தான் கூப்பிடுவேன்.”

கோடையில் கூரை மூடிற்று. கதவு முதலில் வெளிர்பச்சையாக இருந்து, வெயில் ஏற ஏறத் தேவதாரு நிறம் அடைந்தது. உள்ளே பிரசவக் கட்டிலின் இரும்புக் கால்கள் ஆனி மாதம்வரை கீரைத்தண்டு போல வளைந்தன, பிறகு இறுகின. குழாயில் சில நாள் பால் போன்ற சாறு வடிந்தபின் நீர் வந்தது. மருத்துவச்சி மட்டும் முளைக்கவில்லை. மனிதர் அவ்வாறு முளைப்பதில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஹம்மாதி நகரத்துக்குச் சென்று சுகாதாரத் துறையில் மருத்துவச்சி கேட்டார். துறை கட்டாத கட்டடத்துக்குத் துறை ஆள் அனுப்பாது என்று விடை கிடைத்தது. அவர் கேட்டதால் விளைந்த பயன் வேறு. உரிமம் பெற்ற வயலில் உரிமத்துக்கு மிஞ்சி எது வளர்ந்தாலும் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும் என்பது விதி. மருத்துவமனை கட்ட ஆளனுப்பாத அரசு, அதைப் பிடுங்க உடனே ஆளனுப்பிற்று. பெர்ராதா என்னும் மேற்பார்வையாளர் கடப்பாறைகளோடும் கூலியாட்களோடும் வந்து இறங்கியபோது ஒலிவக்காய் கறுக்கத் தொடங்கியிருந்தது.

கூலியாட்கள் கிழக்கு மூலையை நெம்பினர். அடித்தளத்தோடு வெண்ணிற வேர்களும் மேலே வந்தன. கஞ்சா அறுவடைக்காலத்து வாடை ஊரெங்கும் பரவ, இமாம் புஜெம்மாவும் ஊராரும் அங்கே கூடினர். ரஹ்மா வயிற்றைப் பிடித்தபடி வந்து வாசற்படியில் அமர்ந்தாள்.

“எழுந்திரும்மா. இது உரிமத்துல இல்லாத விளைச்சல்,” என்றார் பெர்ராதா.

“யாரோட விளைச்சல் ஐயா?”

“ஒங்க வயல்ல நிக்குது. ஒங்களுதுதான்.”

“எங்க பங்க நாங்க போன வருசமே அறுத்துட்டோம். இது ஒங்க பங்கு. வந்து அறுத்துக்குவீங்கன்னு விட்டுவெச்சோம், வரல. எங்க ஊர்ல அடுத்தவன் பங்குல கைவெக்க மாட்டோம். நீங்க வேணா அறுத்துத் தலையில தூக்கிட்டுப் போங்க.”

“இமாம் ஐயா, இது நெசமா?” என்றார் பெர்ராதா.

“ஊரே விட்டுவெச்சுதுப்பா. நாந்தான் சொன்னேன். பத்துல ஒண்ணு, ஒரு செடி கொறையல.”

பெர்ராதா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கெட்டவர் அல்லர், விதி அறிந்தவர். இது அரசின் பங்கானால் அரசின் உடைமை. அரசின் உடைமையைப் பிடுங்க அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வரும்வரை உடைமையைக் காக்க ஆள் அமர்த்தியாக வேண்டும். இதை அவர் உரத்துச் சொல்லிப்பார்த்தார். பிழை எதுவும் தென்படவில்லை. நெம்பிய மூலையில் மண் தள்ளி மிதிக்கச் சொல்லிவிட்டு ஆட்களோடு திரும்பினார்.

“காவலுக்கு யாரை அனுப்புவீங்க?” என்று ரஹ்மா பின்னாலிருந்து கேட்டாள்.

“யாரு சும்மா இருக்காங்களோ அவங்களைத்தான்.”

நகரத்தில் அப்போது பயிற்சி முடித்து, போக இடமின்றிச் சும்மா இருந்தவள் இஹ்ஸான் என்னும் இளம் மருத்துவச்சி. பிள்ளைப்பேறு பார்க்கக் கற்றவளைக் கட்டடத்துக்குக் காவல் வைத்த அரசைப் பாராட்டுவதற்கில்லை. எனினும் அவள் லாரியில் வந்து இறங்கியது ரஹ்மாவுக்கு வலி கண்ட காலையில்தான். மேலங்கியைக் கழற்றிக் கைகழுவியவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில் இருந்தது, வெந்நீர் இருந்தது, வெள்ளைத்துணி கூரையோரம் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. தொப்புள்கொடி அறுக்கக் கத்தரிக்கோல் மட்டும் இல்லை. வாசலில் தவித்து நின்ற ஹம்மாதியைக் கேட்டாள்.

“அது பின்சுவர் ஓரமாக் காய்ச்சிருக்கும்மா. எத்தனை பறிக்கட்டும்?”

இஹ்ஸான் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். உள்ளே ரஹ்மா பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கையை இறுக்கினாள்.

“ரெண்டு கொண்டாங்க,” என்றாள் இஹ்ஸான். “முத்தினதாப் பாத்து.”

நண்பகலுக்கு முன் பெண் குழந்தை பிறந்தது, உடனே அழுதது. எடை சரியாக இருந்தது.