ஆறாம் வகுப்பு முதல்

பஸ் ஸ்டாண்டிலிருந்து வேலூர் ரோட்டில் திரும்புகிற முனையில் எங்கள் பள்ளியின் ஃப்ளெக்ஸ் ஒன்று நிற்கிறது. பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் ஓர் ஓசி விளம்பரமாகிவிடும். நடுவில் நூரைன் என்ற பெண்ணின் முகம். பக்கத்தில் தங்க நிறத்தில் 591/600. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அந்த ஸ்டெதஸ்கோப்பை அவள் கையால்கூடத் தொட்டதில்லை, ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. அடியில் ‘எங்கள் பள்ளியின் வருங்கால டாக்டர்’ என்று கொட்டை எழுத்து. தினமும் காலையில் ஸ்கூட்டியில் அதைத் தாண்டும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

டாக்டராம். தூ!

நான் ரேவதி. அந்தப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கு வேதியியல் எடுக்கிறேன். நூரைனை அங்கே கூட்டிக்கொண்டு வந்தவளும் நான்தான். ஆகவே அந்தக் குமட்டலில் பாதி என்னைப் பார்த்தே வருவது.

தனியார் பள்ளி வாத்தியார்களுக்கு மே மாதம் லீவு என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல லீவு! பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே எங்களை வேனில் ஏற்றி ஊர் ஊராக இறக்கிவிடுவார்கள். ஆளுக்கு நாலு அட்மிஷன் பிடிக்க வேண்டும். அதில் ஒன்றாவது அரசுப் பள்ளியில் நானூற்று எண்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளையாக இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மே மாதச் சம்பளம் கிடையாது. சூட்சுமம் இவ்வளவுதான். அரசுப் பள்ளி வாத்தியார் பத்து வருஷம் பாடுபட்டு வளர்த்த பிள்ளையை ‘ஃப்ரீ சீட்’ என்று சொல்லி அள்ளிக்கொண்டு வருவது. அது வாங்கும் மார்க்கை ஃப்ளெக்ஸில் போடுவது. அந்த ஃப்ளெக்ஸைக் காட்டி மற்ற இருநூறு பேரிடம் ஆளுக்கு ஒரு லட்சம் கறப்பது. அப்பாமார்கள் ஏதோ எங்கள் கட்டடத்துச் சுவரில் அறிவு ஒழுகுகிறது என்று நினைத்து, நிலத்தை அடகு வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

எங்கள் தாளாளர் ஆதிமூலம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவர். நெற்றி நிறைய விபூதி. மறுநாள் காலை மீட்டிங்கில், கொப்புளம் வந்த காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எந்தப் பிள்ளை எத்தனை மார்க் என்று லிஸ்ட் படிப்பார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த லிஸ்டில் எனக்கு விழுந்தது கீழ்பென்னாத்தூர் நூரைன். அரசு மகளிர் பள்ளி, 487.

அவள் அப்பா கவுஸ் பாஷா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட்டு, கிரில், மாட்டுக் கொட்டகைக்கு ஷெட். வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப் போனேன். மனுஷன் பட்டறையில் இருந்த ஒரே ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். கண் இரண்டும் பற்றவைக்கிற வெளிச்சத்தில் சிவந்திருந்தன. நான் பாட்டுக்கு மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தேன். ஃபீஸ் கிடையாது, நீட் கோச்சிங் உண்டு, வேன் வாசலுக்கே வரும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்.

“டீச்சர், கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு டாக்டர் சீட்டுல ஏதோ தனியா ஒதுக்கறாங்களாமே. இங்கருந்து எடுத்துட்டா அது போயிடாதா?”

போய்விடும். எனக்கு நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத இடம். அவர்களுக்குள்ளேதான் போட்டி. கடைசி இரண்டு வருஷம் மட்டும் தனியாருக்குப் போனாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு லட்சக்கணக்கில் செலவழித்துப் படித்த பிள்ளைகளோடு பொதுவில் முட்டி மோத வேண்டியதுதான்.

நாக்குக் கூசாமல் சொன்னேன்: “அதெல்லாம் கம்மி மார்க் எடுக்கறவங்களுக்குங்க பாய். உங்க பொண்ணு மார்க்குக்கு அது எதுக்கு? பொதுவுலயே அள்ளிடுவா.”

பொய் என்று யாரும் என்மேல் கேஸ் போட முடியாது. அந்த அளவுக்குச் சாமர்த்தியம்.

அவர் மனைவி முன்னி பேகம் வீட்டுக்குள்ளிருந்து ரோஸ்மில்க் கொண்டுவந்து வைத்தாள். “உங்களுக்குப் பசங்க இருக்காங்களா டீச்சர்? எங்க படிக்கிறாங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“ஒரே பொண்ணு, சினேகா. இப்ப ஆறாவது போறா. எங்க ஸ்கூல்லதான்.”

அவ்வளவுதான். கவுஸ் பாஷாவின் முகத்தில் இருந்த சந்தேகம் போய்விட்டது. சொந்தப் பிள்ளையையே போட்டிருக்கிறாள், அப்புறம் என்ன என்று நினைத்திருப்பார். மறுநாளே டீசி வாங்கிவிட்டார்கள்.

சினேகாவும் அதே வாரம்தான் டீசி வாங்கினாள். எங்கள் பள்ளியிலிருந்து. ஐந்தாவது வரை அங்கே படித்தவளை, ஆறாம் வகுப்பு என்றதும் நானே போய் டவுனில் இருக்கும் அரசு மகளிர் பள்ளியில் சேர்த்தேன். எதற்கு? அந்த ஏழரைக்குத்தான். தாளாளரிடம், பெண்ணைச் செய்யாறில் மாமியார் வீட்டில் விட்டிருக்கிறேன் என்று புளுகினேன். ஊரான் பிள்ளைக்கு வேண்டாத ஒதுக்கீடு என் பிள்ளைக்கு மட்டும் வேண்டியிருந்தது. இதை எழுதும்போது என்னையே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு வருஷமும் நூரைன் என் வகுப்பில் முதல் பெஞ்சு. சின்ன வகுப்புகளுக்குக் கட்டடம் வேறு, சினேகா அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. காலை ஆறரைக்கு வேன் ஏறுவாள், இரவு எட்டுக்கு இறங்குவாள். ‘ஃப்ரீ’ என்பது ஃபீஸ் ரசீதுக்கு மட்டும்தான். வேனுக்குத் தனி, மெட்டீரியலுக்குத் தனி, ஸ்பெஷல் கிளாஸுக்குத் தனி. நீட் கோச்சிங் என்று நாங்கள் நடத்தியது ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்து ஹாலில் உட்கார வைப்பது. எங்களுக்கு வேண்டியது போர்டு மார்க். அதற்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பாதியிலேயே மூடிவிட்டுப் பன்னிரண்டை உருப்போட வைத்தோம். நீட்டில் பாதிக் கேள்வி பதினொன்றிலிருந்து வரும். கேட்டால் வாய் கூசாமல், அது புள்ளையோட முயற்சி என்போம்.

இந்த ஜூனில் நீட் ரிசல்ட் வந்தது. நூரைன் 452. கீழ்பென்னாத்தூர் பள்ளியிலேயே தங்கிவிட்ட அவளுடைய பழைய சிநேகிதி தமிழ்செல்வி 419. போன வருஷக் கணக்கைப் பார்த்தால் தமிழ்செல்விக்கு ஏழரையில் அரசுக் கல்லூரி நிச்சயம். நூரைனுக்குப் பொதுவில் கிட்டக்கூட வராது. முப்பத்துமூன்று மார்க் ஜாஸ்தி எடுத்தவள் வெளியே, கம்மி எடுத்தவள் உள்ளே. தமிழ்செல்வி மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பெண் இருந்த இடத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

நூரைன் எனக்குப் போன் பண்ணினாள். “மிஸ், அந்த ஏழரை அப்ளிகேஷனுக்கு, எந்தெந்த ஸ்கூல்ல படிச்சேன்னு ஒரு போனஃபைட் வேணும். ஆறாவதுலருந்து பத்தாவது வரைக்கும் எங்க பழைய ஹெச்செம் கையெழுத்து போட்டுட்டாங்க. லெவன்த், ட்வெல்த் ரெண்டு வரி பாக்கி. நான் ஃப்ரீ சீட்டுதானே மிஸ், நீங்க போட்டுத் தருவீங்கதானே?”

பாவிப் பெண், ஃப்ரீ சீட் என்றால் ஏழரையும் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்! சார் கிட்ட கேக்குறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

தாளாளர் அறைக்குப் போனேன். பிரசாத லட்டு ஒன்றைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

“அது நம்மளால குடுக்க முடியாதும்மா, ரூல்ஸு” என்றார். “இன்னா இப்ப? ஒரு வருஷம் ரிப்பீட் பண்ணட்டும். நம்ம கோச்சிங் சென்டர்லயே போடச் சொல்லு. நம்ம புள்ளை, பாதி ஃபீஸ் போதும்.”

“சார், அவங்க அப்பா வெல்டிங்...”

“அத்த வுடு. அவளுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கானாமே, முபின்னு. இந்த வருஷம் டென்த்ல 481. நம்ம கைய விட்டுப் போவக்கூடாது. நீ போனா அவங்க தட்ட மாட்டாங்க. கையோட அப்பனக் கூட்டிட்டு வா, சால்வ போட்டு ஒரு போட்டோ எடுத்துடலாம்.” லட்டில் பாதியை என்னிடம் நீட்டினார்.

அதையும் வாங்கித் தின்றுவிட்டுத்தான் கிளம்பினேன். இதுதான் நான்.

கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது பட்டறை மூடியிருந்தது. பின்னால் இருக்கும் வீட்டில் நால்வரும் இருந்தார்கள். மேஜைமேல் அந்த போனஃபைட் ஃபாரம். முந்தின நாள் ராத்திரியே தமிழ்செல்வியின் அண்ணன் ரூல்ஸை எடுத்துக் காட்டிவிட்டானாம். என்னைத் திட்டுவார்கள், முன்னி பேகம் செருப்பைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்படி நடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கவுஸ் பாஷா எழுந்து நாற்காலி போட்டார்.

“உக்காருங்க டீச்சர். உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. இவ அம்மாதான் நேத்து ஏதோ கத்திக்கினு இருந்தா. நான்தான் சொன்னேன், டீச்சர் இன்னா பண்ணுவாங்க? அவங்க பொண்ணையும் அங்கதான் போட்டிருக்காங்க. தெரிஞ்சிருந்தா சொந்தப் புள்ளைய அப்படிக் கொண்டுபோயி தள்ளுவாங்களா? நம்மள மாதிரிதான், அவங்களும் ஏமாந்துட்டாங்க.”

முன்னி பேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்காக வருத்தப்பட்டாள். “உங்க பொண்ணு இப்ப எட்டாவதா டீச்சர்? அய்யோ, அதுக்கும் போச்சே.”

“இன்னொரு விஷயம் டீச்சர்” என்றார் கவுஸ் பாஷா. “உங்க தாளாளர் காலையில போன் பண்ணாரு. முபினுக்கும் ஃப்ரீயாம். அக்கா அங்க நல்லா பேர் வாங்கியிருக்கா, யோசிக்காதீங்கன்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல, ஒரே பேஜாரா இருக்குது. நீங்க சொல்லுங்க. உங்க புள்ளையா இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

முபின் சுவரோரம் நின்று என் வாயைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அக்கா பார்த்த அதே பார்வை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்தி வைத்த மே மாதச் சம்பளம் எனக்கு வந்துவிடும். அதைச் சொல்ல வாய் திறந்தவள்தான் நான். ஆனால் அந்த மனுஷன் என்னையும் ஏமாந்தவர்கள் வரிசையில் உட்கார வைத்துவிட்டாரே, அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

“அனுப்பாதீங்க பாய்” என்றேன். “அவன் இப்ப இருக்கற கவர்மென்ட் ஸ்கூல்லயே இருக்கட்டும். வேற எந்தத் தனியாருக்கும் விடாதீங்க.” பிறகு, எப்படியோ வந்துவிட்டது. “என் பொண்ணு எங்க ஸ்கூல்ல இல்ல. கவர்மென்ட் ஸ்கூல்லதான் படிக்கிறா.”

கவுஸ் பாஷாவுக்கு உடனே புரியவில்லை. “இப்ப மாத்திட்டீங்களா?” என்றார் சந்தோஷமாக.

நூரைன்தான் கேட்டாள். வகுப்பில் சமன்பாட்டில் தவறைக் கண்டுபிடித்தால் எழுந்து கேட்பாளே, அதே நிதானம்.

“எந்தக் கிளாஸ்லருந்து மிஸ்?”

“ஆறாவதுலருந்து.”

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. அவளுக்கு எதற்கு விரல்? “அப்ப நீங்க எங்க வீட்டுக்கு வந்து ரோஸ்மில்க் குடிச்ச அதே மே மாசம்” என்றாள்.

முன்னி பேகம் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கவுஸ் பாஷா என்னைப் பார்க்காமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். “போதும் டீச்சர், கெளம்புங்க” என்று மெதுவாகச் சொன்னார். அதிலும் ‘ங்க’ போட்டார். அடி வாங்கினமாதிரி இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நூரைன் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு தாள். அதே போனஃபைட் ஃபாரம், ஒன்றும் எழுதாதது.

“ஒண்ணு தப்பாயிட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு அப்பா ரெண்டு ஜெராக்ஸ் போட்டாரு மிஸ். இது காலியா இருக்கு. எனக்கு ஆவாது. சினேகாவுக்கு ஆவும், வெச்சிக்குங்க.”

கிண்டலா, கோபமா என்று அவள் முகத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. உண்மையாகவே கொடுத்தாள்.

கிழித்துப் போட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நான் அதை வாங்கி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு வரிகளும் தெளிவாக விழுந்திருக்கிறதா, சீல் வைக்க இடம் எங்கே இருக்கிறது என்று ஒருதரம் பார்த்தேன். பிறகு மடிப்பு விழாமல் அட்டெண்டன்ஸ் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.