காற்றில் இறங்கிய கூண்டு

பாராசூட் படையின் மேஜர் ஹேஸ்லாம் போரில் முதலில் துனீசியாவில் குதித்தார். சிசிலியில் குதித்தபோது கால் உடைந்தது. ஹாலந்தில் நடந்த ஆர்னெம் சண்டைக்கு அவருடைய படைப்பிரிவான கம்பெனி அவர் இல்லாமல் போனது; கால்வாசிப் பேர்கூடத் திரும்பவில்லை. 1945 தொடக்கத்தில், ஜெர்மனியில் ரைன் நதியைத் தாண்டிக் குதிக்க வேண்டும் என்றார்கள். பலூனிலிருந்து ஒரு முறை குதித்துக் காட்டினால் கம்பெனி மறுபடி அவருக்கு, இல்லையென்றால் மேசை வேலை என்று மேலிடம் சொல்லிவிட்டது.

பலூனுக்கு அடியில் தொங்கும் கூண்டிலிருந்து ஆட்களைக் குதிக்கவிடும் சார்ஜென்ட் நான். அன்று காலை நாங்கள் இருவர் மட்டும் மேலே போனோம். கீழே அவருடைய ஆட்கள் தேநீர்க் குவளைகளோடு நின்றார்கள்.

உச்சிக்குப் போனதும் காற்று வலுத்தது. கூண்டு சாய்ந்தது.

"உக்காருங்க சார். இன்னிக்கு வேணாம்."

"இதெல்லாம் ஒரு காத்தா? எங்க மாமியார் பெருமூச்சே இதவிடப் பலமா இருக்கும்."

"கால் உங்களுது, விசாரணை எனக்கு. உக்காருங்க."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இறக்கச் சொல்லிக் கீழே கம்பியை இயக்குபவனுக்குக் கொடி காட்டினேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூண்டு ஆளோடு திரும்பி வந்தால், அவன் பயந்து மறுத்துவிட்டான் என்று அர்த்தம். யாரும் திட்டமாட்டார்கள். அவன் முகத்தைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் மரியாதை. மதியத்துக்குள் அவன் மூட்டை கட்டிப் போய்விடுவான்.

இறங்கினோம். வரிசையாக முதுகுகள்.

"டேய், காத்துடா! நாந்தான் நிறுத்தினேன்!" என்று கத்தினேன்.

"காத்துதான் சார்ஜென்ட். யாரு இல்லன்னா?" என்றான் கார்ப்ரல் ஸ்னெல், திரும்பாமலே. குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஹேஸ்லாம் கூண்டை விட்டு இறங்கவில்லை.

"மேல ஏத்து."

"சார், காத்து இன்னும்..."

"இந்த முதுகுங்களக் கூட்டிட்டா ரைனுக்குப் போவேன்? ஏத்துய்யா!"

பலூன் கம்பியை இயக்குபவன் மேஜருக்குத்தான் பணிந்தான். மேலே போனதும் அவர் என் சைகைக்குக் காத்திருக்கவில்லை. குதித்தார். குடை ஒழுங்காக விரிந்தது. தரை தொட்ட பிறகு காற்று அவரை இழுத்துப்போய் வேலிக் கம்பத்தில் அடித்தது. அதே கால்.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன்.

"பசங்க என்ன சொல்றானுங்க?"

"நீங்க குதிச்சதத்தான் சார். கேண்டீன்ல வேற பேச்சே இல்ல."

"யாரு கூட்டிட்டுப் போறா?"

"கேப்டன் பென்ரோஸ்."

"அவன் வரைபடத்தையே தலைகீழாப் பிடிப்பானேய்யா."

"ஆமா சார்."

மார்ச்சில் கம்பெனி ரைனைத் தாண்டிக் குதித்தது. பென்ரோஸ் அவர்களை ஒழுங்காகவே நடத்திப் போனார். ஹேஸ்லாமின் போர் அந்தக் கட்டிலிலேயே முடிந்தது.