ஒற்றைச் சொல்லில் அடக்கிய நோவு

பாலேந்திரனுக்கு நாரி, அதாவது முதுகின் அடிப்பக்கம், பிடித்துவிட்டால் சுவிஸின் பீல் நகரத்தில் அந்த மாடிக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். பதினெட்டு வருடமாகக் கட்டடங்களுக்குச் சாரம் கட்ட இரும்புக் குழாய் சுமந்த உடம்பு. அன்றும் சோபாவில் குப்புறக் கிடந்து, "ஐயோ, மெதுவா... அதில்லை, கீழை, கீழை" என்று கத்திக்கொண்டிருந்தான். மனைவி சந்திரமதி தைலம் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற விரல்கள் அவனுடைய நாரியைவிட அதிகமாக நொந்தன. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு வருடமாக அவள் உடம்பில் நோகாத இடமில்லை. தோள், முழங்கை, இடுப்பு, பாதம். சில நாட்களில் சட்டைத்துணி பட்டாலே எரியும். இரவில் இரண்டு மணித்தியாலம் கண்ணயர்ந்தால் பெரிய காரியம். விடிந்ததும் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்கு ஓடவேண்டும். தலைமயிர் போன்ற முள்ளை இடுக்கியால் தூக்கி மணிக்கூட்டின் முகத்தில் பொருத்துவது அவள் வேலை. கை நடுங்கினால் முள் வளையும். இப்போதெல்லாம் நிறைய வளைந்தன. ஜூலை விடுமுறைக்குத் தொழிற்சாலை பூட்டுவதற்கு முன் எண்ணிக்கை கூடாவிட்டால் வேறு ஆள் எடுக்கவேண்டி வரும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

டொக்டரிடம் போகாமலில்லை. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போனார்கள். சந்திரமதியின் ஜெர்மன் தொழிற்சாலை வேலைக்கு மட்டும்தான் போதும். எங்கள் வீடுகளின் வழக்கப்படி மனுசன்தான் மொழிபெயர்ப்பாளர். அவள் பத்து நிமிடம் சொல்லுவாள். பாலேந்திரன் தலையாட்டிக் கேட்டுவிட்டு டொக்டரிடம் திரும்பி ஒரேயொரு சொல் சொல்லுவான்: "மூடெ." களைப்பு.

"அவ்வளவும் சொல்லிப்போட்டியளோ?"

"சொன்னனான், சொன்னனான். எழும்பி வாரும்."

பொய் சொல்லவேண்டும் என்று அவன் நினைத்ததில்லை. அவனிடம் இருந்தது குழாய், ஆணி, மேலே, கீழே என்ற வேலைத்தள ஜெர்மன். வெள்ளைக்காரனுக்கு முன்னால் வீட்டு முனகலைக் கொட்டுவது வெட்கம். கதிரையில் இருந்து வேலை செய்கிறவளுக்கு அப்படி என்ன நோவு என்ற எண்ணமும் அடியில் கிடந்தது.

2019 பங்குனியில் அந்த நாரிப்பிடிப்பால் அவனுக்கு எழும்பமுடியவில்லை. மகள் ரிஷானி லீவு போட்டு அம்மாவோடு போனாள். திரும்பி வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, டொக்டரின்ர பைலில நாலு வருசமா என்ன எழுதிக்கிடக்குத் தெரியுமோ? களைப்பு. எட்டுத்தரமும் களைப்பு. அம்மாக்கு உடம்பு நோகுது எண்டு ஒரு வரி இல்லை."

பாலேந்திரன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சந்திரமதி தைலப் போத்தலை மூடி வைத்தாள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரத்தப் பரிசோதனை, விசேட மருத்துவர். கடைசியில் நோவுக்கு ஒரு பெயர் கிடைத்தது: ஃபைப்ரோமயால்ஜியா. சுடுநீர்த் தடாகத்தில் பயிற்சி, தினமும் நடை. கூடவே மருந்துச்சீட்டுக்கு மருந்தகத்தில் கலந்து கொடுத்த சின்னப் போத்தல், சிபிடி துளிகள். பாலேந்திரன் லேபலை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் துள்ளினான்.

"கஞ்சாவோ! கோயில் நிர்வாகத்தில இருக்கிற மனுசன் நான். ஊர் என்ன சொல்லும்?"

"அந்தச் செடியில இருந்து எடுக்கிறதுதான் அப்பா. ஆனா வெறிக்கிற அளவுக்கு இதில ஒண்டும் இல்லை. வெறி நீங்கள் வெள்ளிக்கிழமை குடிக்கிற பியரிலதான்."

"ஊர் சொல்லுறதையும் நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ," என்றாள் சந்திரமதி. "ஒரு சொல்லில."

அவன் போத்தலை மேசையில் வைத்தான்.

டொக்டரும் ஆசை காட்டவில்லை. இது நோயை மாற்றாது, எல்லாருக்கும் வேலை செய்யாது, ஆராய்ச்சிகள் இன்னும் முடிவாக எதுவும் சொல்லவில்லை. கடையில் வாங்கித் தன்பாட்டில் குடிக்கக்கூடாது, ஈரலையும் சோதிக்கவேண்டும். இவ்வளவையும் சொல்லித்தான் கொடுத்தார்.

துளிகள் எடுக்கத் தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குக் கண்விழித்த பாலேந்திரன் வழக்கப்படி பக்கத்தில் வெறும் தலையணையை எதிர்பார்த்துத் திரும்பினான். சந்திரமதி நித்திரை.

வாய் சற்றுத் திறந்திருந்தது. எப்போதும் இறுகிக்கிடக்கும் விரல்கள் விரிந்து கிடந்தன. யன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தும் அவள் அசையவில்லை. வந்த புதிதில், எட்டாம் மாடிச் சாரத்தில் ஏறி நின்று பனிமலைத் தொடரை முதன்முதல் கண்டபோது அவன் கையிலிருந்த குழாயை மறந்து நின்றான். இன்றும் அப்படித்தான், கட்டிலைவிட்டு இறங்கி மூச்சுவிடவும் பயந்துகொண்டு நின்றான். இத்தனை நோவோடா இவள் மயிரிழை முள்ளைத் தூக்கினாள்? இத்தனை நோவோடா என் நாரியைத் தேய்த்தாள்? அவளுடைய பொறுமையின் உயரம் அன்றைக்குத்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி வைத்தான்.

அடுத்த தடவை டொக்டரிடம் போக, "நான் வாறன். ஒரு சொல்லும் விடமாட்டன்," என்று மன்றாடினான். சந்திரமதி மகளைப் பார்த்தாள். பிறகு, "சரி, வாங்கோ," என்றாள்.

டொக்டரின் அறையில் சந்திரமதி சொன்னாள்: "நோவு போகேல்லை. பத்துக்கு ஒன்பது இருந்தது இப்ப ஆறு. ஆனா நித்திரை வருது. நித்திரை கொண்டா கை நடுங்கேல்லை."

அவன் அப்படியே சொன்னான். அவள் சொன்ன கால் உளைவுக்கு ஜெர்மன் தெரியாமல் கழுத்துச் சால்வையைப் பிழிந்து காட்டினான். டொக்டர் எழுதினார். அறுபது சதவீத நேரம் மட்டும் வேலை செய்ய ஒரு கடிதமும் தந்தார். தொழிற்சாலை அதை ஏற்றால் வேலை தப்பும்.

"இதையும் சொல்லுங்கோ," என்றாள் சந்திரமதி. "நான் நாலு வருசமாச் சொன்னனான். என்ர மனுசன் உங்களுக்குச் சொல்லேல்லை."

பாலேந்திரனுக்கு வேர்த்தது. ஆனால் சொன்னான். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "நானும் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கவேண்டும்," என்றார்.

பஸ் தரிப்பிடத்தில் அவன் மெல்ல வாய் திறந்தான். "நோகுது எண்டு ஒருத்தர் சொன்னா நம்பவேணும். அதை அப்பிடியே டொக்டரிட்டச் சேர்க்கவேணும். அதுதான் முதல் மருந்து. துளி எல்லாம் அதுக்குப் பிறகு. இதை எங்கட சனத்துக்கு நானே சொல்லுறன்."

"சொல்லுங்கோ. ஆனா என்ர நாலு வருச நித்திரையை எப்ப திருப்பித் தருவியள்?"

பஸ் வந்தது. அவன் அவளுக்குப் பின்னால் ஏறினான்.

நாலு வருட நித்திரை. பாலேந்திரன் அதைச் சந்திரமதிக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது.