வண்டி சூடானால் கேட்காது

மெக்கானிக் சுரேந்தர் பானட்டின் மேல் கையை வைத்தான், வைத்த வேகத்திலேயே எடுத்துக்கொண்டான்.

"இன்னிக்கும் சுடுதேக்கா. நேத்து சாயங்காலத்துல இருந்து வண்டியத் தொடவே இல்லன்னு போன்ல சொன்னீங்க?"

மணிமேகலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது முறை. முதல் முறை பாகலூர் ரோட்டில் இருக்கும் அவன் ஷெட்டுக்கு அவளே ஓட்டிப் போனாள். போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகி, அவள் காட்டப் போன சத்தம் ஊமையாகிவிட்டது. ஆறிய வண்டியில்தான் கண்டுபிடிக்க முடியும், நானே வீட்டுக்கு வருகிறேன் என்றான். போன ஞாயிறு வந்தான், பானட் சுட்டது. வெயில் பட்டிருக்கும் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். இன்றைக்குக் காலை ஆறரை மணி, ஓசூர்ப் பனியில் எதிர்வீடே மங்கலாகத்தான் தெரிகிறது. வெயிலாவது மண்ணாவது! கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று எவனோ இந்த வண்டியை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சத்தம் இருப்பது நிஜம். தினமும் காலை ஷிப்டுக்குக் கிளம்பிச் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று தையல் மிஷின் மாதிரி ஆரம்பிக்கும், சிப்காட் வருவதற்குள் அடங்கிவிடும். கணவன் பிரகாஷ் கம்பெனி பஸ்ஸில் போகிறவன். சாயங்காலம் அவள் ஓட்டி வந்த சூடான வண்டியில் ஏறி, "எங்கடி சத்தம்? உன் காதுலதான் ஏதோ கோளாறு" என்று சிரித்தான். வேறு சமயமாக இருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள்.

காதுதான் அவளுடைய வேலை. கியர்பாக்ஸ் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஓடவிட்ட கியர்பாக்ஸைக் கேட்டு, தேறுமா தேறாதா என்று சொல்கிறவள். கம்ப்யூட்டர் பச்சை விளக்குப் போட்டதை அவள் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பல் மூளியாக இருக்கும். போன வாரம் கம்பெனியில் எல்லோருக்கும் காது பரிசோதனை வைத்தார்கள். அவள் தாளில் மட்டும் கோடு ஓரத்தில் கீழே இறங்கியிருந்ததாம்; சன்னமான சத்தங்கள் காதில் விழவில்லை என்று அர்த்தமாம். நாளை, திங்கட்கிழமை, மறுபடியும் பரிசோதனை. அதிலும் கோடு இறங்கினால் பேக்கிங் பிரிவு. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டக் காது எதற்கு? இந்த டிக் டிக் பொய் என்றால் தன் காதும் பொய்தான் என்ற பயத்தில் அவள் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

கண் ஆபரேஷனுக்காக உத்தனப்பள்ளியிலிருந்து வந்திருந்த மாமனார் வெங்கடப்பன், இதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லை என்பது போல ஈரத்துணியால் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்த பளபளப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"மாமா, வண்டிய யாராச்சும் ஸ்டார்ட் பண்ணாங்களா?"

"யாராச்சும் என்னம்மா, நான்தான். ஆறு மணிக்கே, நீ பின்கட்டுல தொவச்சிட்டு இருந்தப்ப போட்டு அரை மணி நேரம் ஓட உட்டேன். போன வாரமும் நான்தான் போட்டேன்."

"எதுக்கு மாமா?"

பெரியவர் சுரேந்தரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கச் சொன்னார். "ஆறின வண்டி டிக்கு டிக்குன்னு கத்துதும்மா. வாங்க வந்த ஆளு முன்னாடி கத்துனா வெல போவுமா? மாட்டச் சந்தைக்கு ஓட்டுறதுன்னா தண்ணி காட்டி, கொம்பத் தொடச்சித்தான ஓட்டுவோம்?"

"அய்யோ மாமா, அவரு மெக்கானிக்கு!"

"அத மொதல்லயே சொல்றதில்லயா?"

மணிமேகலை தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையோடு சிரிப்பும் வந்தது. கத்துகிறது என்று இன்னொரு வாயிலிருந்து வந்துவிட்டதே! சாயங்காலம் வருகிறேன் என்று சுரேந்தர் பைக்கை உதைத்தான். இந்த வீட்டில் இனி யாரையும் நம்புவதாக இல்லை என்று அவள் கார் சாவியைத் தாலிக்கயிற்று ஊக்கில் கோத்துக்கொண்டாள். பகலெல்லாம் அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பியபோது டிக் டிக் டிக் என்று வண்டி சாட்சி சொன்னது. பிரகாஷ் கும்பிடு போட்டான். "கேக்குது தாயே. உன் காதச் சொன்னது தப்புதான்."

சுரேந்தர் ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை என்ஜினுக்குப் பக்கத்தில் மெல்ல நகர்த்தினான். ஓரிடத்தில் நின்றான். அங்கே கரி படிந்திருந்தது.

"பொகக் கொழா என்ஜினோட சேர்ற எடம். ஒரு போல்ட்டு முறிஞ்சிருக்கு. ஆறுனா சந்து உடுது, சூடானா இரும்பு விரிஞ்சி அதுவே மூடிக்குது. புதுசு கொண்டாந்து போட்டா அரை நாள் வேல." குழாயை எடுத்தான். "டிக்குக்குப் பின்னாலயே சன்னமா ஒரு சீறல் வருது பாருங்க. சந்துல காத்து போற சத்தம்."

"ஆமா, குக்கர் விசில் அடிக்கறதுக்கு முன்னாடி வருமே, அது மாதிரி" என்றான் பிரகாஷ்.

"பாம்பு சீறுறாப்பல" என்றார் வெங்கடப்பன். வருகிற தையில் அவருக்கு எழுபத்து மூன்று.

சுரேந்தர் குழாயை அவளிடம் நீட்டினான். வலது காதில் வைத்தாள். டிக் டிக் டிக். இடது காதுக்கு மாற்றினாள். டிக் டிக் டிக். அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"கேக்குதாக்கா?"

மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"ம்" என்றாள்.

நாளை மறுநாள் போல்ட்டோடு வருவதாகச் சொல்லிவிட்டு, குழாயை அவள் கையிலேயே மறந்துவிட்டுப் போனான் சுரேந்தர். அப்பாவும் மகனும் அந்தச் சீறலைப் பற்றிப் பேசிக்கொண்டே காபிக்கு உள்ளே போனார்கள். அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே குனிந்து கேட்டாள். என்ஜின் சூடேறச் சூடேற டிக்கும் தேய்ந்து, கடைசியில் நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாள். பானட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. ஆறட்டும் என்று குழாயை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.