ஜாடியை விட்டு எடுத்த கல்

அண்ணன் கொடுத்த கல்லைக் கெடுத்தது நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை.

அவன் யுரேனியச் சுரங்கத்தில் சர்வேயராக இருந்தான். நான் அருங்காட்சியகத்தில் கனிமப் பிரிவின் காப்பாளர். சுரங்கத்தை மூடப்போகிற வருஷம், பாறை வெடிப்பு ஒன்றுக்குள் அவன் கண்டெடுத்தது அந்த ஆட்டுனைட் என்ற யுரேனியக் கனிமத்தை. உள்ளங்கை அகலம், சதுரச் சதுரமான தகடுகள், மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். புற ஊதா விளக்கைக் காட்டினால் கண் கூசுகிற பச்சையில் ஒளிரும். கதிரியக்கம் உள்ள கல் ஆயிற்றே. உரிய அனுமதியெல்லாம் வாங்கி, ஈரப் பஞ்சோடு கண்ணாடி ஜாடியில் அடைத்து எங்களுக்கே கொடுத்துவிட்டான்.

"இதுக்குள்ள தண்ணி இருக்கும்மா. காஞ்சா உதிர்ந்துடும். மூடியத் திறந்துடாத."

"எனக்கே பாடமா? நீ போய் உன் குழியப் பாரு."

ஜாடியோடுதான் காட்சிப் பெட்டியில் வைத்தேன். கல்லிலிருந்து கசியும் வாயு தேங்காமல் இருக்க, பெட்டியில் ஒரு சின்ன விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஜாடிக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. கல் அழுது வடிந்தது. பார்க்க வந்தவர்கள், "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்று நகர்ந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கையுறையை மாட்டிக்கொண்டு, கல்லை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தேன். அடேயப்பா! பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இயக்குநரே வந்து கைகொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விசிறி அதன் வேலையைச் செய்தது. எட்டாவது மாதம் பெட்டியைத் திறந்தால் தட்டில் செதில் செதிலாக ஒரு குவியல். முகமூடி போட்டுக்கொண்டு, ஒரு துகள்கூடப் பறக்காமல் வழித்தெடுத்து, ஈயத் தகடு போட்ட டப்பாவில் அடைத்துக் கழிவுப் பிரிவுக்கு அனுப்பினேன். அன்றே அவனுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சேமிப்பறையில் இருந்த, வேறெங்கோ கிடைத்த ஆட்டுனைட் ஒன்றை அங்கே வைத்தேன். அட்டையை மட்டும் மாற்றவில்லை. 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் அண்ணன் பெயர் அப்படியே இருந்தது. பொய் அட்டை வைப்பது எங்கள் தொழிலில் திருட்டை விடக் கேவலம். தெரிந்தேதான் செய்தேன்.

மூன்று வருஷம் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். சுரங்கத்தை மூடி மண்ணைத் தள்ளியாகிவிட்டது. அத்தனை வருஷ உழைப்புக்கு மகளிடம் காட்ட அவனுக்கு இந்தக் கல் ஒன்றுதான் மிச்சம்.

விளக்கைப் போட்டேன்.

"அத்தை, சூப்பர்! அப்பா, இதுதானா நீங்க எடுத்தது?"

அவன் குனிந்து பார்த்தான். உதிர்ந்துபோன அவன் கல் புகை நிறப் படிகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. இதன் அடியில் வெள்ளைப் பாறை.

"ஆமாடா கண்ணு, இதேதான்," என்றான்.

வாசல்வரை கூடவே போனேன். மகள் காரில் ஏறியதும், தணிந்த குரலில் கேட்டான்.

"எப்ப உதிர்ந்துச்சு?"

கோபமே இல்லை. காய்ச்சலில் படுத்தவளிடம் எப்போதிலிருந்து என்று விசாரிப்பது போலத்தான் கேட்டான். சொல்லியிருக்கலாம். நாலு திட்டு வாங்கிக்கொண்டு, அவன் தோளில் சாய்ந்து அழுதிருக்கலாம்.

"எது?" என்றேன்.

கார்ச் சாவியைக் கையில் எடுத்தான். "ஒண்ணுமில்லம்மா. வரேன்."

கல் போனது என் பெருமையடிப்பால். அதற்கு மன்னிப்பு கிடைத்திருக்கும். அந்த 'எது?'வை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மறுநாளே அட்டையை மாற்றினேன். அதையும் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

இப்போதும் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறான். உடம்பு எப்படி இருக்கு, சாப்பிட்டியா, அங்க மழையா என்று கேட்கிறான். முன்பெல்லாம் இதையெல்லாம் கேட்க எங்களுக்கு ஏது நேரம்? கற்களைப் பற்றியே பேசி முடியாது.