முதுகளவில் ஒரு சாய்மானம்

அந்த வருஷம் கார்த்திகை பிறந்ததிலிருந்து கோதண்டம் படுத்துத் தூங்கவில்லை. உட்கார்ந்த வாக்கில்தான் தூங்கினான். அவனுக்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு அவன் மனைவி கன்னியம்மாளுக்கு.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இருதயம் பலவீனமாக இருக்கிறது, கால் வீக்கமும் அதனால்தான், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், இடுப்புக்கு மேலே சாய்ந்தபடியேதான் தூங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மருந்து பாதி வேலை செய்யும், தூக்கம் மீதி வேலையைச் செய்யும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டார். எதில் சாய்வது?

அயனம்பாக்கத்தில் அவர்கள் வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. மழைக்காலம் வந்தால் மண்சுவர் முழுக்க ஓதம் ஏறிவிடும். அதில் சாய்ந்தால் முதுகு சில்லிட்டு இருமல் வந்தது. கோணியில் வைக்கோல் அடைத்து முட்டுக் கொடுத்துப் பார்த்தான். அரை நாழிகையில் அது நசுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. வேறு வழி தெரியாமல் ஒருநாள் கட்டிலில் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து தன் முதுகைக் கொடுத்தான். அவள் சாய்ந்தாள், தூங்கினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

ராத்திரி விட்ட தூக்கத்தைப் பகலில் வண்டியில் பிடித்தான். ஊர்க்காரர்களின் கத்திரியும் கீரையும் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி சந்தைக்குப் போகிற வண்டி அது. மாடுகளுக்கு வழி தெரியும் என்ற தைரியத்தில் கண்ணை மூடிவிடுவான். ஒருநாள் சென்னீர்குப்பத்துக்கிட்டே பட்டாளத்து லாரி ஒன்று காது கிழிய ஊதிக்கொண்டு உரசிப் போனது. விழித்துப் பார்த்தால் வண்டியின் ஒரு சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது. இறங்கி மாடுகளைத் தட்டிக்கொடுத்தான். தான் விழுந்தால் அவள் யார் மேல் சாய்வாள் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு சாய்மானம் வைத்துவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

முடிவு செய்தது சுலபம். பூந்தமல்லி கடைத்தெருவில் தேக்கில் பூவேலை செய்த தலைமாட்டுப் பலகை ஒன்று இருந்தது. விலையைக் கேட்டதும் கோதண்டம் வாசலில் நின்ற இரண்டு மாடுகளையும் திரும்பிப் பார்த்தான். ஒன்றை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். கடைப் படியை விட்டு இறங்கிவிட்டான்.

அடுத்த வாரம் ஆவடிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகிறார், வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். இரும்புக் கட்டில் ஒன்று, சாய்வாகத் தலைமாடு வைத்தது, கண்ணுக்குள்ளேயே நின்றது. வெயிலில் மத்தியானம் வரை காத்திருந்தான். கட்டிலின் முறை வந்தபோது, இவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு கன்ட்ராக்டர் சொன்ன தொகைக்கு மேலே யாரும் போகவில்லை. இவனாலும் போக முடியாது.

திரும்பும் வழியில் சக்கரம் சுழலுகிற இருசு முனகத் தொடங்கியது. பூந்தமல்லியில் வண்டிப் பட்டறை வைத்திருந்த அன்வர் பாஷாவிடம் கொண்டுபோய் விட்டான். பாஷாவுக்கும் அவனுக்கும் பத்து வருஷப் பழக்கம். பாஷா சக்கரத்தைக் கழற்றுகிற நேரத்தில், எதையும் எதிர்பார்க்காமல், ஏலத்துக்குப் போய் வெறுங்கையோடு வந்த கதையைச் சொன்னான். கார்த்திகையிலிருந்து நடப்பதையும் சொன்னான்.

பாஷா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தான் பிறந்ததிலிருந்து ஒரு கட்டில்கூடச் செய்ததில்லை, சக்கரமும் நுகத்தடியும்தான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார். ஏன் என்று புரியாமல் கோதண்டம் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"நேரா ஒக்காராதே. ராவுல எப்டி ஒக்காருவியோ அப்டி ஒக்காரு" என்றார் பாஷா.

கோதண்டம் கொஞ்சம் வெட்கப்பட்டான். பிறகு முழங்கையைத் தொடையில் ஊன்றி, தலையைக் குனிந்து உட்கார்ந்தான். பாஷா நூலை எடுத்து அவன் இடுப்பிலிருந்து பிடரி வரை அளந்தார். தோளுக்குத் தோள் அளந்தார். முதுகு சாய்கிற சாய்வை ஒரு மூங்கில் பிளாச்சை வைத்துப் பார்த்துத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டார். ஒவ்வொரு அளவுக்கும் நூலில் ஒரு முடிச்சு விழுந்தது.

மரம்தான் இல்லை. உலகச் சண்டைக்காக ஆவடியில் பட்டாளம் கட்டுகிற கொட்டகைகளுக்கே எல்லா மரமும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் திருமழிசைக்கு அப்பால் ஒரு ஏரி உள்வாயில், கரைக்கு உள்ளே, காற்றில் சாய்ந்த பூவரசு ஒன்றைப் பாஷா வாங்கிப் போட்டிருந்தார். சேற்றுக்குப் பயந்து எந்த வண்டிக்காரனும் உள்ளே இறங்க மாட்டேன் என்றான். நீ கொண்டுவந்து சேர்த்தால் உனக்கு வேண்டிய மரம் அதிலேயே இருக்கிறது, எனக்குக் கூலியும் வேண்டாம் என்றார் பாஷா.

மறுநாள் விடிந்ததும் கோதண்டம் போனான். வண்டி கரையிலிருந்து பத்தடி இறங்கியதுமே அச்சு வரை புதைந்தது. மாடுகளை அவிழ்த்தான். பூவரசின் கிளைகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் பரப்பி வண்டியை மேலே ஏற்றினான். பிறகு மரத்தில் சங்கிலி கட்டி, மாடுகளை முன்னால் விட்டு, அவனும் கூடச் சேர்ந்து இழுத்தான். ஒரு மாடு முட்டி போட்டுவிட்டது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றான். வெயில் சாயும்போது மரம் பட்டறை வாசலில் கிடந்தது.

எட்டாம் நாள் பாஷாவே சாய்மானத்தைக் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டிலும் முளை இறக்கிப் பொருத்தினார். இரண்டு கனத்த சட்டங்கள், நடுவில் இழைத்த பலகை. பின்னால் சாயாமல் இருக்க முட்டுக்கட்டை. கன்னியம்மாள் சாய்ந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். கோதண்டம் அன்று பாயை விரித்து நீட்டிப் படுத்தான். படுத்தது மட்டும்தான் அவனுக்கு நினைவிருந்தது.

காலையில் எழுந்து பார்த்தால், அவள் கட்டிலின் ஓரத்தில் முன்பக்கம் குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் குழி விழுந்திருந்தது. சாய்ந்து கண்ணயர்ந்தால் உடம்பு வழுக்கிக் கீழே இறங்கிவிட்டதாம். இறங்கியதும் மூச்சு முட்டியதாம். அவனை எழுப்ப மனசு வரவில்லை.

கோதண்டம் பாயைச் சுருட்டி வைத்தான். சரி, பழையபடி நானே உட்காருகிறேன் என்றான்.

"நீ ஒக்காந்தா நான் சாய மாட்டேன்" என்றாள் கன்னியம்மாள். "வண்டி பள்ளத்துல எறங்கப் பாத்தது எனக்குத் தெரியும்யா. ஊரே சொல்லுது."

அவள் கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டு, திரும்பிச் சாய்மானத்தின் சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"சட்டம் சரியாத்தான் கீது. அளவும் உன் அளவுதான். ஆனா உன் முதுவு நான் சாஞ்சா கொஞ்சம் உள்ள வாங்கும். பலகை வாங்குமா? அத்த எடுத்துடச் சொல்லு. சட்டத்துல தொளை போட்டுக் குடுத்தா நான் கவுறு பின்னிக்கிறேன்."

கயிறு அவள் பிறந்த வீட்டுத் தொழில். கட்டிக்கொண்டு வந்த பிறகும் அவர்கள் வண்டிக்கு வேண்டிய கயிறெல்லாம் அவள் திரித்ததுதான். உடம்பு விழுந்த பிறகு அவள் நாரைத் தொடவே இல்லை.

செய்த வேலையைக் கழற்றச் சொன்னால் பாஷா என்ன நினைப்பாரோ என்று கோதண்டம் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். பாஷா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு உளியையும் துளைக்கருவியையும் பையில் போட்டுக்கொண்டு அந்த வண்டியிலேயே கிளம்பி வந்தார். துளைகள் எங்கே வேண்டும் என்று கன்னியம்மாளையே கேட்டு, அவள் காட்டிய இடத்தில் காட்டிய நெருக்கத்தில் போட்டுக் கொடுத்தார்.

புளிச்சை நார் வாங்கி வந்து போட்டான் கோதண்டம். அவள் உட்கார்ந்தபடியே திரித்தாள். நாலு பின்னல் போட்டால் ஒரு ஓய்வு. கை சோர்ந்தால் நாரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள், பிறகு தொடருவாள். இடுப்பு வருகிற இடத்தில் உடம்பு வழுக்காதபடி இழுத்து முறுக்கினாள். முதுகு வருகிற இடத்தில் தொய்வு விட்டாள். பிடரிக்கு மறுபடி இறுக்கம். கழற்றுவதும் போடுவதுமாக ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் கோதண்டம்தான் அவளுக்கு முதுகு கொடுத்தான். வேலை முடியும் வரைக்கும்தான் என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஏழாம் நாள் ராத்திரி அவள் பின்னலில் சாய்ந்தாள், அவன் பாயில் படுத்தான். காலையில் அவன் எழுந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளிப் போட்டுவிட்டு வந்தான். சன்னல் வழியாக வெயில் வந்து கன்னியம்மாளின் முகத்தில் விழுந்திருந்தது. அப்போதும் அவள் எழவில்லை. அவன் பயந்துபோய்க் கிட்டே போனான். மூச்சு ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வெயில் படாமல் சன்னலில் கட்டிவிட்டு, வெளியே வந்து மாடுகளுக்கு நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்குச் சந்தைக்கு வண்டி தாமதமாகத்தான் போனது.

மாசி மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கால் வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது என்றார் டாக்டர். இது முழுக்கக் குணமாகிற நோய் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். இப்படியே பார்த்துக்கொண்டால் காலம் நன்றாகவே தள்ளலாம், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்.

அந்த வாரமே பாஷா வீட்டுக்கு வந்தார். பூந்தமல்லியில் அவர் வீட்டிலேயே இருக்கிற அக்கா ரசூல் பீவிக்கும் மூச்சிழுப்பு உண்டாம், சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறாளாம். சட்டம் தான் செய்துவிடுவதாகவும், பின்னலுக்குக் கன்னியம்மாள் தங்கச்சி ஒத்துக்கொண்டால் அதற்குரிய கூலியைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். அவளால் முடியாது பாய் என்று கோதண்டம் தொடங்கினான்.

"அவங்க நல்ல ஒடம்பா, ஒல்லியா பாய்?" என்று உள்ளேயிருந்து கன்னியம்மாள் கேட்டாள்.

நல்ல உடம்புதான் என்றார் பாஷா. எவ்வளவு அகலம் என்று கேட்டாள். தம்பியே அக்காவை எப்படி அளப்பது என்று பாஷா சங்கடப்பட்டார். கன்னியம்மாள் எழுந்து, மாடத்திலிருந்து நூல்கண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கார்த்திகைக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாதவள், வண்டியைப் பூட்டச் சொன்னாள். பூந்தமல்லி போக எவ்வளவு நேரமாகும், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்றெல்லாம் கோதண்டம் சொல்லிக்கொண்டே மாடுகளை அவிழ்த்து வந்தான். அவள் சக்கரத்தின் நடுவிலிருந்த குடத்தில் காலை வைத்து, பாஷா நீட்டிய கையைப் பிடிக்காமல், தானே ஏறி உட்கார்ந்தாள்.